நாய்க்குட்டிக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்கள்

பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாக மூத்திரம் பெய்யக்கூட வராது. தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் வரும். வந்ததையும் அவளே நக்கித் துடைத்துவிடுவாள். தாயோடு கிடக்கும் குட்டிகளின் சாக்கு முதல் மூன்று வாரம் நாற்றமில்லாமல் இருப்பது அதனால்தான். குட்டி மட்டும் வீட்டுக்குள் வந்து, தாய் தெருவிலேயே நின்றுவிட்டால் ரகளை ஆரம்பம்.

நம் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலக் கடைசியில் கூடிக் குளிர்காலத்தில் ஈனுகின்றன. திருவண்ணாமலையில் அது தீபக் கூட்டம் திரண்டு கலையும் காலம். கடைப்படிக்கு அடியிலும் நிறுத்திவைத்த வண்டிக்குப் பின்னாலும் நான்கைந்து குட்டிகள் முனகிக்கொண்டிருக்கும். ஆளில்லாத இடம் தேடிப் போகாமல் தாய் ஏன் இங்கே ஈனுகிறாள்? கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு மேற்கு வங்கத் தெருநாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. தாய்நாய்கள் மனிதர் புழங்கும் இடத்துக்கு அருகிலேயே ஈற்றிடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. 2016-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கணக்கு கசப்பானது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதர்களே காரணம். சோறு கிடைக்கும் என்று நம்மிடம் வருகிறாள், குட்டிகளை நம்மிடமே இழக்கிறாள். பள்ளிவிட்டு வரும் பிள்ளை புத்தகப் பையில் ஒரு குட்டியோடு நின்றால், திட்டுவதற்குமுன் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

வந்த குட்டிக்கு வீட்டில் முதலில் நடப்பது ஒரு கிண்ணம் பசும்பால். நாய்ப்பாலில் உள்ள புரதத்திலும் கொழுப்பிலும் பாதிகூடப் பசும்பாலில் இல்லை. லாக்டோஸ்தான் கூடுதல். விளைவு மறுநாள் காலை தரையில் தெரியும். பாலைவிட அவசரம் சூடு. முதல் வாரத்தில் குட்டியின் உடல்வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ்தான். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதனால் முடியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் புகட்டினால் குடல் அசையாமல் பால் வயிற்றிலேயே தேங்கும். மார்கழி இரவில் சிமென்ட் தரையில் கிடந்த குட்டியை முதலில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றி, பிறகுதான் பால் கொடுக்க வேண்டும். அதுவும் நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவாக இருந்தால் நல்லது.

திருவண்ணாமலையில் மலைமேலேயே ஒரு நாய்க்குடும்பம் வளர்ந்த கதை உண்டு. ரமண மகரிஷி அங்கே ஸ்கந்தாச்ரமத்தில் இருந்தபோது கமலா என்ற பெட்டைக்குட்டி வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் ஈன்று ஆசிரமத்தை நிறைத்துவிடும் என்று பயந்து, உடனிருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள். அவள் போகவில்லை. பயந்தபடியேதான் ஆயிற்று. பின்னாளில் புதிதாக வருபவர்களை மலையைச் சுற்றிக் காட்டிக் கூட்டிவருவது கமலாவின் வேலை. முதல் ஈற்றின்போது அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குட்டிகளோடு சுத்தமான இடத்தில் பத்து நாள் தனியே விட்டார்கள். பத்தாம் நாள் விருந்தோடு புண்ணியதானமும் நடந்தது. கால்நடை மருத்துவர் பார்த்தாலும் இதில் மஞ்சள் குங்குமத்தைத் தவிர மாற்றச் சொல்ல ஒன்றுமில்லை. குட்டிகளுக்குக் கண் திறப்பது 10 முதல் 14 நாளுக்குள், காது அதற்குச் சற்றுப் பின். அதுவரை அவற்றுக்கு வேண்டியது தாயின் மடிச்சூடும் தொந்தரவில்லாத மூலையும்தான்.

மூன்றாம் வாரம் கழித்து வேறு ஆட்டம். செருப்பு, சேலை முந்தானை, செய்தித்தாள், தாத்தாவின் கணுக்கால் எல்லாம் வாய்க்குள் போகும். 28 பால்பற்களும் ஊசியாக இருக்கும். கடிப்பது கெட்ட புத்தியால் அல்ல. கூடப்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்தும். எவ்வளவு அழுத்தலாம் என்ற பாடம் அப்படித்தான் படிகிறது. ஒற்றைக் குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே நாம் கையை இழுத்துக்கொண்டு விளையாட்டை நிறுத்த வேண்டும். அடித்தால் கையைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். ஈரம் செய்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பதும் அப்படியே. தூங்கி எழுந்ததும், தின்றதும், ஆடி ஓய்ந்ததும் வாசலுக்குக் கொண்டுபோனால் பாதிச் சண்டை தீரும். அதுவரை மாப்புக் குச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்த வாரங்களில் குட்டிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்ந்த வேலிக்குள் மனிதரையே பார்க்காமல் குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சிலவற்றை மட்டும் ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். 14 வாரம்வரை எந்தப் பழக்கமும் இல்லாத குட்டிகள் காட்டு விலங்குபோலவே நின்றுவிட்டன. ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் திறந்து 12 முதல் 14 வாரத்துக்குள் மூடும் வாசல் அது. பஸ் ஹாரன், மேளம், காவி வேட்டி, குழந்தையின் கூச்சல் எல்லாவற்றையும் இது என் உலகம் என்று மூளை ஒப்புக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

சிக்கல், இரண்டாவது கடிகாரம் அதே நேரத்தில் ஓடுவது. பிறந்த முதல் நாள் குடித்த சீம்பாலில் வந்த எதிர்ப்புப் புரதங்கள் வாரங்கள் போகப்போகக் கரைகின்றன. அவை மிச்சமிருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அவை தீர்ந்த பின் பாதுகாப்பும் இல்லை. எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று சொல்ல முடியாததால்தான், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம்வரை சில வார இடைவெளியில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த இடுக்கில் நுழைவது பார்வோ. 1978-இல் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வீட்டுப் பினாயிலுக்கு எளிதில் அசையாது. ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும். வாந்தியும் ரத்தம் கலந்த கழிச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஊசி முடியும்வரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பார்வோவிலிருந்து தப்பிக்கலாம், ஆனால் உலகத்தோடு பழகும் வாசல் மூடிவிடும். வெளியே விட்டால் மறுபுறம் ஆபத்து. என் யோசனை, தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போவது. கிரிவலப் பாதையோரம் ஒரு சாயங்காலம் இடுப்பில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றால் போதும். சாதாரண ஊர்க் குட்டிக்கு வாய்க்காத அத்தனை முகமும் சத்தமும் இங்கே சும்மா கிடைக்கும். பௌர்ணமி நெரிசலுக்குள் மட்டும் வேண்டாம்.

பால்பல்தானே என்று விட்டுவிடக் கூடாத ஒன்று ரேபிஸ். தெருக்குட்டியின் கீறலும் கடிதான். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில்.

தாய் உயிரோடு இருந்தால் குட்டியைத் தூக்கவே வேண்டாம். எட்டு வாரம்வரை அவளோடு விட்டு, தாய்க்குச் சோறு போடுவதே குட்டிக்குச் செய்யும் பெரிய உதவி. குட்டிகள் பால் மறந்தபின் அவளுக்குக் கருத்தடை செய்யலாம். கமலாவை விரட்டப் பார்த்தவர்களுக்கு அந்த வழி இல்லை. இன்று திருவண்ணாமலை செங்கம் சாலையில் விலங்குக் காப்பகமே இருக்கிறது.