கல்வி உதவித்தொகை: ஓராண்டுக் கொடையா, பன்னிரண்டாம் வகுப்பு வரை தரும் வாக்கா?



மே மாதம் பிறந்துவிட்டால் நம் பங்கு அலுவலகங்களின் முன் ஒரு கூட்டம் சேரும். திருமண ஓலைக்கோ திருமுழுக்குச் சான்றிதழுக்கோ வருபவர்கள் அல்ல இவர்கள். பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, "சாமி, சிஸ்டர் ஸ்கூல்ல ஒரு இடம் வாங்கிக் கொடுங்க" என்று கேட்டு நிற்கும் பெற்றோர். இடம் வாங்கித் தருவதுகூடச் சில வேளைகளில் இயலும். அதன்பின் வரும் கட்டணத்தை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பல பங்குகளிலும் மறைமாவட்டங்களிலும் கொடையாளர்களின் உதவியோடு கல்வி உதவித்தொகை வழங்கப்படுகிறது. நல்ல செயல், சந்தேகமில்லை. ஆனால் அது எப்படிச் செயல்படுகிறது, எங்கே தவறிப்போகிறது என்று நாம் அமர்ந்து பேசுவது குறைவு.

முதலில் ஒரு தெளிவு. தமிழகத்தில் கத்தோலிக்கப் பள்ளி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை ஒரே வகையானவை அல்ல. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருகிறது. பாடநூலும் மதிய உணவும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அங்கே பெரிய செலவு இல்லை. ஆனால் அதே வளாகத்தில் இயங்கும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவும், மெட்ரிகுலேஷன் பள்ளிகளும், சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் வேறு உலகம். அங்கே ஆசிரியரின் ஊதியம் முதல் கரும்பலகையின் சாயம் வரை எல்லாமே பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து வர வேண்டும். எனவே, "கன்னியர் நடத்தும் பள்ளியில் ஏன் பணம் கேட்கிறார்கள்?" என்ற கோபம் எப்போதும் நியாயமானது என்று சொல்ல முடியாது. (நம் மக்களின் வாயில் 'டொனேஷன்' என்றால் பெற்றோர் பள்ளிக்குக் கொடுக்கும் பணம் என்றே பொருள். கொடை என்ற சொல் இப்படித் தலைகீழாகிப் போனதற்கு நாமும் சற்று வெட்கப்பட வேண்டும்.)

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அவர்களுக்கான தொகையை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு நமக்குத் தரும் உரிமையைக் காக்கும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

வழக்கு எப்படியும் போகட்டும். நம் பார்வை வேறாக இருக்க வேண்டும். நமது தெருவில் வாழும் தினக்கூலியின் மகள், மற்றொரு தனியார் பள்ளியில் சட்டப்படி கேட்கக்கூடிய இடத்தை, நமது பள்ளியில் கேட்க முடியாது. சட்டம் நம்மை விலக்கி வைத்ததால் அவளுக்கு அடைபட்ட கதவு அது. அதைத் திறக்க வேண்டிய கடமை, உரிமையைப் பெற்றுக்கொண்ட நம்மிடமே வந்து சேர்கிறது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை படித்த சிறுபான்மையினப் பிள்ளைகளுக்கு நடுவண் அரசு தந்துவந்த கல்வி உதவித்தொகையும் 2022-இல் நிறுத்தப்பட்டது. ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு என வகுக்கப்பட்ட திட்டம் அது. தொகை சிறியதுதான். ஆனால் காலணிக்கும் நோட்டுக்கும் அதை நம்பியிருந்த வீடுகளை நாம் அறிவோம்.

திருச்சபைக்கு இது புதிய கேள்வி அல்ல. 1597-இல் உரோமை நகரில், திராஸ்தேவரே பகுதியின் புனித தொரோத்தேயா ஆலயத்தில் புனித ஜோசப் கலசான்ஸ் ஏழைச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருள்வளம் அற்றவர்கள் மீது கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை காட்டவேண்டும் என்று கேட்டது. 1977-இல் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது: நமது பள்ளிகள் முதன்மையாக வசதி படைத்தோருக்கே பணிபுரிந்தால், அவர்களின் மேல்நிலையை இன்னும் உறுதிப்படுத்தி, அநீதியான சமூகத்துக்குத் துணைபோகும் ஆபத்து உண்டு என்றது. இந்திய ஆயர் பேரவையின் 2007-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் இதே திசையில்தான் நம்மை நிறுத்துகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். உதவித்தொகை என்றதும் நம் மனதில் வருவது ஜூன் மாதம். கொடையாளர் ஒருவர் தம் பெற்றோரின் நினைவாக 30,000 ரூபாய் தருகிறார். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை சேர்க்கப்படுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த ஜூனில் அந்தக் கொடையாளருக்கு வீட்டில் திருமணம். அதற்கடுத்த ஜூனில் பங்குத்தந்தை மாற்றலாகிப் போய்விடுகிறார். எட்டாம் வகுப்பின் நடுவில் கட்டணப் பாக்கி என்று பிள்ளையின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படுகிறது. பழைய பள்ளியை விட்டு, பழைய நண்பர்களை விட்டு வந்த பிள்ளை இது. இப்போது பாதியில் எங்கே போகும்? தொடக்கத்திலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இந்தக் காயம் அதற்கு நேர்ந்திருக்காது.

ஆகவே கணக்கை ஓராண்டுக்குப் போடக்கூடாது. ஆண்டுக்கு 30,000 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் 8 விழுக்காடு கூடினால், பன்னிரண்டாம் வகுப்பில் அது ஏறத்தாழ 47,600 ரூபாய் ஆகும். ஏழு ஆண்டுகளையும் சேர்த்தால் ஒரு பிள்ளைக்குச் சுமார் 2,68,000 ரூபாய். ஓர் அன்பியத்தில் இருபது குடும்பங்கள் மாதம் 250 ரூபாய் எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 60,000 சேரும். முதல் ஆண்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும் இந்தத் தொகை, ஏழாம் ஆண்டில் ஒரு பிள்ளைக்குப் போக மீதி 12,400 மட்டுமே. எனவே அந்த அன்பியம் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்பதே நேர்மை. மனம் இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லும்; கணக்கு ஒருவரை என்கிறது. இந்த இடத்தில் கணக்கைக் கேட்பதும் பிறரன்புதான். கட்டுமானம் தொடங்கும் முன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாத மனிதரைப் பற்றி லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்னது கோபுரத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல.

மிஞ்சும் பணம் வீணாகாது. கட்டணம் என்பது செலவில் ஒரு பகுதியே. வேன், சீருடை, காலணி, பாடநூல், சிறப்பு வகுப்பு, ஆண்டுவிழாவுக்கான ஆடை, சுற்றுலா என்று ஒவ்வொன்றாக வரும். கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு "முழு உதவி" என்று அறிவிப்பது ஏழைத் தாயைக் கடனில் தள்ளும். சுற்றுலா நாளில் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று எல்லா ஆசிரியைகளுக்கும் தெரியும்.

வைப்புநிதி நல்லதா, ஆண்டுதோறும் திரட்டுவது நல்லதா என்று பங்குப் பேரவைகளில் வாக்குவாதம் எழுவதுண்டு. 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் கிடைக்கச் சுமார் 4,30,000 ரூபாய் முதலாக வேண்டும். முதல் அப்படியே நிற்கும். வட்டியும் அப்படியே நிற்கும். கட்டணம் மட்டும் நிற்காது. புனித ஜான் பாப்திஸ்து தெ லசாலுக்கும் இந்தக் கேள்வி வந்தது. தம் குடும்பச் சொத்தைத் தாம் நடத்திய ஏழைப் பள்ளிகளுக்கு நிதியாக வைக்கலாமா என்று எண்ணியவர், 1680-களின் நடுவில் ரெய்ம்ஸ் நகரில் பஞ்சம் வந்தபோது அதைப் பசித்தோருக்கே பகிர்ந்துவிட்டார். எல்லோராலும் அப்படி இயலாது. நமக்கு இரண்டும் கலந்த வழியே ஏற்றது என்பது நமது எண்ணம்.

அடுத்து, 'தகுதியுள்ள மாணவர்' என்ற சொல். யார் தகுதியுள்ளவர்? பெரும்பாலும் 90 விழுக்காடு பெற்றவரைத்தான் தேடுகிறோம். கொடையாளருக்கும் அது பெருமை. ஆனால் திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணிநேரம் வந்தவருக்கும் உரிமையாளர் ஒரு தெனாரியம் கொடுத்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்குத் தேவையான கூலி அது. தேவையையும் ஒரு தகுதியாக அவர் எண்ணினார். வீட்டில் படிக்க ஒரு மேசைகூட இல்லாமல், தம்பியைப் பார்த்துக்கொண்டு 60 மதிப்பெண் எடுத்த பிள்ளை, தனிப்பயிற்சிக்குப் போய் 90 எடுத்த பிள்ளைக்கு எந்த விதத்தில் குறைந்தது? மற்றொன்றும் உண்டு. விண்ணப்பம் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஆலயத்துக்கு அருகில் வாழ்பவர்கள், அன்பியத் தலைவருக்குத் தெரிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். ஊரின் கடைசித் தெருவில், நம் சாதிப் பிரிவினைகள் ஒதுக்கி வைத்த வீடுகளில் இருப்பவர்கள் கேட்க வருவதில்லை. அவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அருள்சகோதரிகளும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இந்த வீடுகளை நன்கு அறிவார்கள். நம் மறையைச் சாராத பிள்ளையாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல சமாரியர் உவமையை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேர்ந்த பிறகு நிபந்தனை. "80 விழுக்காடு எடுத்தால்தான் அடுத்த ஆண்டு உதவி" என்று சிலர் எழுதி வாங்குகிறார்கள். தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு வந்த முதல் தலைமுறை மாணவர் முதல் ஆண்டில் தடுமாறுவது இயல்பு. அந்த ஆண்டில் உதவியை நிறுத்துவது, நீந்தக் கற்றுக்கொண்டிருப்பவரின் கையை நடு ஆற்றில் விடுவது போன்றது. வருகையையும் முயற்சியையும் கேட்கலாம். மதிப்பெண் குறைந்தால் மாலை வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கா பஞ்சம்?

இதோடு, கொடையாளர்கள் பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் தனியார் பள்ளிக்கு மாற்றுவது எப்போதும் உதவி ஆகாது. தமிழகத்தில் மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. அரசு உதவி பெறும் நமது பள்ளிகளின் மாணவர்களுக்குக்கூட அது இல்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளி மாணவியருக்கென்றே தொடங்கப்பட்டது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பின்னரே விரிவாக்கப்பட்டது. ஆக, நல்ல அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை ஏழாம் வகுப்பில் இழுத்து வந்து நம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தால், நாம் கொடுப்பதைவிட அதனிடமிருந்து எடுப்பது அதிகமாகலாம். பெற்றோரை உட்கார வைத்து இதைச் சொல்லிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அங்கேயே படிக்க விடுதிச் செலவோ மாலை வகுப்போ போதுமானதாக இருக்கலாம்.

கொடுக்கும் முறை பற்றி ஒரு சொல். ஞாயிறு திருப்பலி முடிவில் பீடத்தின் முன் பிள்ளையை நிறுத்திக் காசோலை கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். மறுநாள் அந்தப் பிள்ளை அதே முகங்களின் நடுவே வகுப்பில் உட்கார வேண்டும். பணம் வங்கி வழியாக நேரே பள்ளிக்குப் போகட்டும். பள்ளியில் முதல்வருக்கும் கணக்கருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். கொடையாளருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு காட்டப்பட வேண்டும்; அது அவரது உரிமை.

வெளிநாட்டில் வாழும் நம் மக்கள் தாராளமாகத் தருகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தமது சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பணமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் நம் உறவினரே ஆனாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. உரிய பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே, புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில் மட்டுமே அதைப் பெறலாம். 2020-இல் வந்த திருத்தத்தின்படி, ஓர் அமைப்பு பெற்றதை மற்றொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. "சாமி, உங்க பங்குக் கணக்குல போட்டுட்டேன்" என்று அன்போடு வரும் தொலைபேசி அழைப்பு மறைமாவட்டத்தையே சிக்கலில் மாட்டிவிடும். அனுப்பும் முன் மறைமாவட்ட நிதி அலுவலகத்தைக் கேளுங்கள்.

கொடையாளர் இறந்துபோகலாம், வேலை இழக்கலாம். எனவே உதவி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓராண்டுக் கட்டணத்தைத் தனியே வைப்பில் போட்டு வைத்திருக்கும் பங்குதான் புதிதாக ஒரு பிள்ளையை ஏற்கலாம். புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்கும் நாளில், திருப்பலிப் பாத்திரங்களின் பட்டியலோடும் சொத்துப் பத்திரங்களோடும் இந்தப் பிள்ளைகளின் பட்டியலும் அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும்: பெயர், வகுப்பு, இன்னும் மீதியுள்ள ஆண்டுகள்.