கரிமேடு... கார் இன்ஜினுக்குள்ளே!

காலை ஏழு மணி. வடசேரியில சித்தப்பா வீட்டு முற்றம். சாவியைத் திருகினா கார் ஸ்டார்ட் ஆகுது. ஆனா, மழையில நனைஞ்ச ஆட்டுக்குட்டி மாதிரி வெடவெடன்னு நடுங்குது! ரெண்டு நிமிஷத்துல நடுக்கம் தானா நின்னுடுது. 'செக் இன்ஜின்' விளக்கு மட்டும் மஞ்சளா முறைச்சுக்கிட்டே இருக்கு.

மூணு சிலிண்டர், டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்ஷன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி, 78 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, நடுக்கம் போகலை. ஓர் இடத்துல 'ஹெட்டை இறக்கணும், முப்பதாயிரம் ஆகும்'னு சொல்லிட்டாங்க. சித்தப்பா வண்டியை வித்துடுறதுன்னு முடிவே பண்ணிட்டார். "மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை வீட்டுல இருந்து என்ன மக்களே பிரயோசனம்?"னு சித்தி ஒரு வார்த்தை விட்டாங்க பாருங்க... நம்ம ரோஷம் சும்மா இருக்குமா?

நேரா போய் நின்னது தெருமுனை ஒர்க் ஷாப் அண்ணாச்சிகிட்ட. யமஹா ஆர்.எக்ஸ் 100 சைலன்ஸருக்குள்ள கரி எடுத்தே பெயர் வாங்கின மனுஷன். அந்த பைக் 1985-ல இருந்து 1996 வரைக்கும் தயாரான டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியும், கரி அப்பும். ஆனா, ஃபோர் ஸ்ட்ரோக் காருக்குள்ள எப்படி கரி?

கரி எங்கிருந்து வருது?

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் புகை எப்பவும் கீழே கசியும். அதை வெளியே விட்டா காத்து கெட்டுடும். அதனால பி.சி.வி. வால்வு வழியா அதைத் திரும்பவும் இன்ஜினே உறிஞ்சிக்கும். அந்தப் புகையோட பொடிப்பொடியா ஆயில் துளிகளும் வரும். சூடான இன்டேக் வால்வோட முதுகுல அது ஒட்டி, காய்ஞ்சு, கரியாகும்.

பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்கள்ல இது பெரிய தொல்லையே இல்ல. அங்கே இன்ஜெக்டர் வால்வுக்கு வெளியே உட்கார்ந்து அதோட முதுகு மேலேயே பெட்ரோலைப் பீய்ச்சும். தினமும் இலவசக் குளியல்! டைரக்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிடுது. வால்வுக்குக் குளியல் கட்!

"டேங்க்ல கிளீனர் பாட்டில் ஒண்ணு ஊத்தினேனே அண்ணாச்சி?"

"லே மக்கா, ஊத்தினது எங்க போவுது? சிலிண்டருக்குள்ள. வால்வு முதுகுல ஒரு சொட்டு படுமாலே?"

மூணு வருஷமா பாடத்துல படிச்சது அப்பதான் மண்டையில ஏறுச்சு!

ஜப்பான்ல மிட்சுபிஷி 1996-லயே இந்த ரக இன்ஜினை சாதாரண கார்ல கொண்டுவந்துடுச்சு. டொயோட்டா 'டி-4எஸ்'னு ரெண்டு வகை இன்ஜெக்டரையும் ஒரே இன்ஜின்ல வெச்சது. அதனால வால்வுக்கும் குளியல், சிக்கனத்துக்கும் சிக்கனம்.

சித்தப்பா வண்டிக்கு இன்னொரு வியாதியும் உண்டு. வீட்டுல இருந்து கோட்டாறு கம்போளத்துல இருக்கிற கடைக்குப் போறது, திரும்பி வர்றது. அவ்ளோதான் ஓட்டம். இன்ஜின் சரியா சூடாகுறதுக்குள்ள ஆஃப். ஆயிலுக்குள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகவே நேரம் கிடைக்காது.

முதல்ல பாரு, அப்புறம் கழட்டு!

அண்ணாச்சி போட்ட முதல் கண்டிஷன் இது. போன்ல மாட்டுற சின்ன எண்டோஸ்கோப் கேமராவை மேனிஃபோல்டு சென்சார் ஓட்டை வழியா விட்டோம். ஸ்கிரீன்ல தெரிஞ்சது வால்வா, அடுப்புல மறந்துபோன சோத்துப்பானையா? அவ்வளவு கறுப்பு! மூணு சிலிண்டருக்கும் சேர்த்து ஆறு இன்டேக் வால்வு. ஆறும் அப்படித்தான்.

வெளிநாட்டுல வால்நட் ஓட்டைப் பொடிச்சு, காத்தழுத்தத்துல அடிச்சு சுத்தம் பண்றாங்க. கரியை உரிக்கும், உலோகத்தைக் கீறாது. "நம்ம ஊர்ல சிரட்டைதான் கொட்டிக் கிடக்கே, பொடிச்சு அடிச்சா?"ன்னு கேட்டேன். அண்ணாச்சி பார்த்த பார்வை இருக்கே! ஒரே அளவா சலிச்சு, மண் கலக்காம எடுக்கணுமாம். ஒரு துளி மணல் உள்ளே போனா சிலிண்டர் காலி. அதனால எங்க வழி ஊறவெச்சு தேய்க்கிறது.

இன்ஜின் முழுசா ஆறினதும் பேட்டரி நெகட்டிவைக் கழட்டினோம். அப்புறம் பிளக், அப்புறம் இன்டேக் மேனிஃபோல்டு. ஹை பிரஷர் பெட்ரோல் பைப்பைத் தொடவே இல்ல. அதுல 200 பார், சில இன்ஜின்ல 350 பார் வரைக்கும் அழுத்தம் உண்டு, தோலையே துளைச்சுடும். எங்க வண்டியில அதைக் கழட்டாமலே மேனிஃபோல்டு வந்துடுச்சு. உங்க வண்டியில வராதுன்னா, வீட்டுல இந்த வேலையே வேண்டாம்.

கிராங்க் புல்லி போல்ட்டுல ஸ்பேனரைப் போட்டு, இன்ஜின் வழக்கமா சுத்துற திசையில மட்டும் கையால திருப்பணும். ஒரு சிலிண்டரோட ரெண்டு இன்டேக் வால்வும் மூடினதும் நிறுத்தி, மத்த ஓட்டைகளை சுத்தமான துணியால அடைக்கணும். வால்வு கிளீனரை ஊத்தி அரைமணி நேரம் ஊற வெச்சு, நைலான் பிரஷ்ஷால தேய்ச்சு, கறுப்புத் தண்ணியை உறிஞ்சி எடுக்கணும். மறுபடி ஊத்து, மறுபடி தேய். முதல் சிலிண்டருக்கே மூணு மணி நேரம்!

அந்த அஞ்சு நிமிஷம்

ரெண்டாவது சிலிண்டர். மதியம் சாப்பிட்ட தெம்புல வேகமா ஊத்திட்டேன். டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா, ஊத்தினதுல பாதியைக் காணோம்! வால்வு முழுசா மூடலை. கிளீனர் சிலிண்டருக்குள்ள இறங்கிடுச்சு.

கை வெலவெலத்துப் போச்சு. காத்தை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பிளக்கை மாட்டின நிலையில ஸ்டார்ட் பண்ணியிருந்தா பிஸ்டன் மேல வந்து திரவத்துல முட்டி, கனெக்டிங் ராட் வளைஞ்சிருக்கும். முப்பதாயிரம் மிச்சம் பண்ண வந்தவன், முழு இன்ஜினையும் காலி பண்ணியிருப்பேன்.

"பிளக்கை எதுக்கு முதல்ல கழட்டச் சொன்னேன்?"னு அண்ணாச்சி அமைதியா கேட்டார். பிளக் ஓட்டை வழியா சிரிஞ்சும் டியூபும் விட்டு உறிஞ்சோம். மேல துணியைப் போட்டுக் கையால மெதுவா திருப்பி, மிச்சத்தையும் வெளியே எடுத்தோம். ரிங் வழியா கீழே இறங்கியிருக்கும்னு இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தினோம். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சு வால்வைப் பார்த்து, முதல்ல நாலு சொட்டு மட்டும் விட்டு, அது இறங்கலைன்னாதான் மிச்சம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் புது கேஸ்கெட் போட்டு மாட்டி முடிச்சோம்.

திங்கள் காலை சித்தப்பா சாவியைத் திருகினார். நடுக்கமே இல்ல. மஞ்சள் விளக்கும் காலி. தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி காத்தாடிகள் வரைக்கும் ஓட்டிட்டு வந்தோம். மைலேஜ் எகிறிடுச்சுன்னு எல்லாம் ரீல் விட மாட்டேன். ஆனா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா தயங்காம போகுது.

வண்டியை விக்கிற பேச்சு இப்ப இல்ல. "அடுத்த தடவை நானே கூட நிக்கேன்டே, நீ டீ குடிக்கப் போவாண்டாம்"னு சித்தப்பா சொன்னதுதான் நமக்குக் கிடைச்ச சர்டிஃபிகேட்!

கை வைக்கிறதுக்கு முன்னாடி...

* உங்க கார் எம்.பி.எஃப்.ஐ.யா, டைரக்ட் இன்ஜெக்ஷனான்னு மேனுவல்ல பாருங்க. முதல் வகைன்னா இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது.

* வாரன்ட்டி இருந்தா கை வைக்காதீங்க.

* ஓடுற டர்போ இன்ஜினுக்குள்ள ஸ்பிரே அடிக்கிற குறுக்கு வழி வேண்டாம். பெரிய துண்டா உரிஞ்சு வந்தா டர்போவுக்கு ஆபத்து.

* பெட்ரோல் ஊத்திக் கழுவாதீங்க, தீப்பிடிக்கும். கிளவுஸ், கண்ணாடி, காத்தோட்டம் கட்டாயம்.

* பிளாஸ்டிக் மேனிஃபோல்டை மேனுவல்ல சொன்ன டார்க் அளவுக்கு மேல முறுக்கினா விரிசல்தான்.

* சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை நீளமா ஓட்டுங்க.

* முதல் தடவைன்னா, பக்கத்துல ஒரு அண்ணாச்சி கட்டாயம் இருக்கணும்!