உழவர் குறையும் ஊராட்சியின் கடமையும்

கிணற்று நீர் உப்பேறுகிறது, பயிர் கருகுகிறது, எங்கோ வகுக்கப்பட்ட ஒரு திட்டத்திற்காக நிலத்தில் அளவுக்கல் நடப்படுகிறது. இத்தகைய வேளைகளில் திண்ணையில் கூடிக் குறை கூறுவதற்கு நம் உழவர் பெருமக்கள் தயங்குவதில்லை. ஆயின் அக்குறையை எவரும் தட்டிக்கழிக்க இயலாத வடிவில், உரிய காலத்தில், உரிய இடத்தில் எடுத்துரைப்பதில்தான் நாம் பின்தங்கி நிற்கிறோம். வேளாண்மையையும் சுற்றுச்சூழலையும் பற்றிய அரசின் கொள்கைகளில் உழவர் நலனை எடுத்துரைக்கும் முறை யாது, அதில் ஊராட்சி உறுப்பினரின் பங்கு யாது என்பதை இங்கே சுருங்கக் காண்போம்.

ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவுவதுண்டு. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என 29 இனங்களைப் பதினொன்றாம் அட்டவணையில் குறித்துள்ளது. அவற்றுள் முதல் இனம் வேளாண்மை. மூன்றாவது இனம் சிறு பாசனமும் நீர் மேலாண்மையும். ஆகவே, ஊரின் நீரையும் நிலத்தையும் பற்றி ஊராட்சி வாய்திறப்பது வரம்பு மீறிய செயலாகாது. அதன் முதற்கடமையே அதுதான்.

நொய்யல் தரும் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் 1992இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்கென எழுந்த அந்த அணையில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கியது. அணையைத் திறவுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்களே, அந்நீரைத் திறந்துவிட வேண்டா என்று முறையிடும் விபரீத நிலை உண்டாயிற்று.

ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகத் திரண்டு உயர்நீதிமன்றத்தை அணுகினர். நீரையும் மண்ணையும் ஆராய்ந்த நிபுணர் குழுக்களின் அறிக்கைகள் அவர்கள் கூற்றுக்கு வலுவூட்டின. கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றில் விழலாகாது என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை பைசா செலுத்த வேண்டுமென்றும் 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2009இல் அதனை உறுதிசெய்தது. தீர்ப்பு நிறைவேறாமை கண்டு, 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்யும் ஏற்பாட்டுடன்தான் பட்டறைகள் பின்னர் இயங்கத் தொடங்கின.

வெற்றி கிட்டியது உண்மையே. எனினும் அணை கட்டியதற்கும் தீர்ப்புக்கும் இடையே 14 ஆண்டுகள் கழிந்தன என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டுகளின் விளைச்சலை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தர இயலாது. கேடு தோன்றிய முதலாண்டிலேயே அதனை அளந்து பதிவுசெய்யும் ஊருக்குத்தான் காலம் துணைநிற்கும்.

காவிரிப் படுகையின் அனுபவம்

கேடு நேர்ந்தபின் முறையிட்டவர்கள் நொய்யல் உழவர்கள். கேடு நேருமுன்னரே வினா எழுப்பியவர்கள் காவிரிப் படுகை உழவர்கள். மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்திற்கு 2011இல் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாயுவை வெளிக்கொணர வேண்டுமாயின் முதலில் நிலத்தடி நீரை இறைத்தாக வேண்டும். இறைத்தால் எங்கள் ஆழ்குழாய்க் கிணறுகளின் கதி என்ன, கடல்நீர் உட்புகாதா என்பதே உழவர்களின் கேள்வி. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இவ்வினாவை மக்களிடம் எடுத்துரைத்தார். மாநில அரசு 2013இல் பணிகளை நிறுத்தி வல்லுநர் குழு அமைத்தது; 2015இல் திட்டத்திற்கு இசைவு மறுத்தது.

இதன் தொடர்ச்சியாக 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுதல், செம்பு, துத்தநாக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை முதலியவற்றை அம்மண்டலத்தில் இச்சட்டம் தடை செய்கிறது. முதலமைச்சர் தலைமையிலான அதிகார அமைப்பில் உழவர் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு.

சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாமா? முன்னரே நடைபெற்று வந்த பணிகளை இச்சட்டம் தடுக்கவில்லை. மேலும், 2023இல் வடசேரி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. மாநில அரசும் உழவர்களும் உடனே எதிர்ப்புத் தெரிவித்ததன் பின்னரே நீக்கப்பட்டன. விழிப்பு இல்லையேல் சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

செய்யத்தக்கவை

முதலாவது, அளவு. கிணற்று நீரின் உப்பை மின்கடத்துதிறனால் அறிவர். அது மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் குறைவாயின் பாசனத்திற்குத் தடையில்லை என்றும், 3 டெசிசைமனை மிஞ்சினால் கடுங்கட்டுப்பாட்டுடனேயே பயன்படுத்த வேண்டும் என்றும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்துள்ளது. பம்புசெட்டைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்நீராலேயே கழுவிய தூய புட்டியில் மாதிரி எடுத்து, புல எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் இவ்வாறு செய்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் கோவைப்படுத்துக.

இரண்டாவது, தீர்மானம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அத்தீர்மானம் ஒன்றே ஒரு திட்டத்தை நிறுத்திவிடும் என்று கருதுவது பிழை. ஆயினும் அது ஊரின் ஒருமித்த எண்ணத்திற்குச் சான்று. "விவசாயம் பாதிக்கப்படுகிறது" என்று பொதுப்பட எழுதுவதால் பயனில்லை. எந்தப் புல எண், எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு முதல், என்ன பரிகாரம் கோருகிறோம் என்பன அதில் இருத்தல் வேண்டும். அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் அனுப்பி ஒப்புகை பெறுக. மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதனையே முன்வைக்கலாம்.

மூன்றாவது, பொதுமக்கள் கருத்துக் கேட்பு. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றிற்கு இக்கூட்டம் இன்றியமையாதது. சிலவகைத் திட்டங்களுக்கு விலக்கும் உண்டு. கூட்டத்திற்கு 30 நாள்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புத் தருதல் வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைத்தல் வேண்டும். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை ஏதும் இதற்குக் கிடையாது. ஆகவே, நாம் வாராது நின்றாலும் கூட்டம் நடந்து முடிந்துவிடும் என்பதை உணர்தல் வேண்டும். சொன்னவை குறிப்பில் ஏறினவா என்று, கூட்டத்திலேயே அது படிக்கப்படும்போது செவிசாய்த்துக் கேட்டுத் திருத்துக.

நான்காவது, காலக்கெடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கிற்கான காரணம் எழுந்த ஆறு மாதங்களுக்குள் சூழல் பற்றிய பூசலைத் தொடுத்தல் வேண்டும். இழப்பீடு கோருவதற்கு ஐந்தாண்டு கெடு உண்டு. போதிய காரணம் காட்டினால் 60 நாள்கள் வரை பொறுத்தருளப்படும். அதற்குமேல் வாயில் அடைபட்டுவிடும்.

எவருடைய நலன்?

உழவர் என்றால் பட்டாதாரர் மட்டுமல்லர். குத்தகைக்காரரும், வாரத்திற்குப் பயிரிடுபவரும், நாற்று நடும் பெண்களும் அச்சொல்லில் அடங்குவர். இழப்பீடு வரும் நாளில் ஏட்டில் பெயர் இல்லாதவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். குத்தகைதாரர் தம் பெயரை 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி பதிவுசெய்து கொள்ளுதல் நலம். நிலம் எடுப்பு தொடர்பான 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும், மூன்றாண்டுகளாக அந்நிலப்பகுதியில் பாடுபட்டுப் பிழைக்கும் குத்தகைதாரரையும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகவே கொள்கிறது. ஊராட்சியின் தீர்மானத்தில் இவர்கள் பெயர் விடுபடுமாயின், அது ஊரின் குரலாகாது. சிலரின் குரலே ஆகும்.

பெரும் பொருட்செலவு இவற்றுள் எதற்கும் வேண்டுவதில்லை. ஒரு கோவை, சில புட்டிகள், தேதி தவறாத பழக்கம் ஆகியவை போதும். அடுத்து வரும் கிராம சபைக்கு முன்பாக ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் ஐந்து கிணறுகளின் நீரைச் சோதித்து, அம்முடிவுகளைச் சபையில் படித்துக் காட்டிப் பதிவேட்டில் ஏற்றச் செய்வாராக. வட்டாரத்தில் பணிபுரியும் நாம் அனைவரும் அதற்கு ஆவன செய்வோம்.