பிள்ளைகளுக்குப் பாதுகாவலர்: எழுதிவைக்க வேண்டியதொரு கடமை

தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளையை யார் வளர்ப்பது என்ற வினா நம் தாயகத்தில் பெரும்பாலும் எழுவதில்லை. அம்மம்மா, தாய்மாமன், சித்தப்பா, பெரியம்மா என உரிமையோடு கைநீட்டும் உறவு அயலிலேயே இருக்கும். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வுறவு யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கிறது. அங்கே கேளாமலே கிடைக்கும் துணையை இங்கே கேட்டுப் பெற்று, எழுத்திலும் வைக்க வேண்டியுள்ளது.

18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குரிய பாதுகாவலரைப் பெற்றோர் தமது மரணசாசனத்தில், அதாவது உயிலில், பெயரிட்டு நியமிக்கலாம். ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரு சாட்சிகளின் முன்னிலையில் எழுதியவர் ஒப்பமிட, சாட்சிகளும் ஒப்பமிடல் வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் 2006ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் விக்டோரியாவின் 1997ஆம் ஆண்டு உயில்கள் சட்டமும் இவ்வாறே விதிக்கின்றன. வாய்மொழியாகச் சொல்லிவைத்தலும், ஞானப்பெற்றோர் என்னும் உறவும் சட்டப்படி நியமனம் ஆகமாட்டா.

பெற்றோருள் ஒருவர் உயிருடன் இருப்பின் வளர்ப்புப் பொறுப்பு பொதுவாக அவரையே சாரும். இருவரும் இல்லாத நிலையில் உறவினரிடையே பிணக்கு எழுந்தால், 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்படி நீதிமன்றம் பிள்ளையின் நலனையே தலையாயதாகக் கொண்டு தீர்மானிக்கும். பிள்ளையின் கருத்தையும் கவனத்திற் கொள்ளும். அவ்வேளையில் பெற்றோரின் எழுத்து, பேச இயலாத அவர்களுக்காகப் பேசும்.

யாரைத் தெரிவு செய்வது? வயது, உடல்நலம், பிள்ளையோடுள்ள நெருக்கம் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். தாயகத்து உறவினரைப் பெயரிட்டால், அந்நியமனம் அவருக்கு இந்நாட்டு வீசாவைப் பெற்றுத் தராது. பள்ளியையும் தோழரையும் பிரிந்து பிள்ளையே கடல் கடக்க நேரிடலாம். கணவன் மனைவி இருவரைப் பெயரிட்டால், அவர்கள் பிரிய நேரின் பொறுப்பு எவருக்கு என்பதையும் குறிப்பிடுங்கள். மாற்றாக இன்னொருவர் பெயரும் இருத்தல் நன்று. பிள்ளையின் பணத்தைப் பேணுபவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, தெரிந்தெடுத்தவரின் இசைவைக் கேட்டுப் பெறுங்கள். பிள்ளையின் தமிழ்க் கல்வி, சமயம், பாட்டன் பாட்டியுடனான தொடர்பு பற்றிய உங்கள் விருப்பங்களைத் தனிக் கடிதமாக எழுதி, சாசனத்துடன் வையுங்கள். சாசனத்தைச் சட்டத்தரணி ஒருவரின் துணையுடன் ஆக்குவதே பாதுகாப்பானது.

மாணவச் செல்வங்களே! உங்கள் பெற்றோர் இதுபற்றி உரையாடினால் அஞ்சாதீர்கள். யாருடன் வாழ விரும்புவீர்கள் என்று அவர்கள் கேட்டால், உள்ளத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். மழைக்கு முன் கூரை வேய்வது போன்றதே இந்த ஏற்பாடு.