காற்றிருந்தும் நொதிக்கும் சர்க்கரை

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி மூச்சடக்கி இறங்குபவர், ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை இழுப்பார். தோணியில் இருப்பவர் மேலே தூக்கிவிடுவார். அந்த ஒரு நிமிடம், உடல் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டுக் கைகால் தசைகளுக்கு ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. தசை சர்க்கரையை எரிக்க முடியாமல் பாதியில் உடைத்து லாக்டேட் ஆக்கிவிடும். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சுமார் 30. இப்படி நொதித்தால் 2. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையில் முத்துக்குளிப்பவர்களை ஆராய்ந்து ஷொலாண்டர் குழு 1962-இல் எழுதியது: லாக்டேட் ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் ஆள் மேலே வந்த பிறகுதான்.

புற்றுநோய் செல்லோ, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே சர்க்கரையை இப்படி நொதிக்கிறது. 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டார். செல்லுக்குள் எரிக்கும் வேலையைச் செய்யும் மைட்டோகாண்டிரியா பழுதாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அது பெரும்பாலும் சரியில்லை. பெருகத் துடிக்கும் செல்லுக்கு டிஎன்ஏ, கொழுப்பு, புரதம் எல்லாம் புதிதாக வேண்டும். சர்க்கரை அவற்றுக்கு மூலப்பொருளும் கூட. வீடு கட்டுகிறவர் உத்தரத்துக்கு வைத்த மரத்தை அடுப்பில் எரிப்பாரா?

இந்தச் சர்க்கரைப் பசியை வைத்துத்தான் பெட் ஸ்கேன் நடக்கிறது. ஃப்ளூரின்-18 ஒட்டிய குளுக்கோஸ் போலி ஒன்றை ஊசியில் ஏற்றுவார்கள். செல் அதை உள்ளே இழுத்து முதல் நொதியிடம் கொடுக்கும். அதற்குமேல் போகவும் முடியாமல், வெளியேறவும் முடியாமல் அது மாட்டிக்கொள்ளும். கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் நடக்காதே, பேசாதே என்பார்கள். உழைக்கிற தசையும் அதைத் தின்றுவிடும். நம் ஊரில் இன்னொரு சிக்கல்: காசநோய் தாக்கிய இடத்தில் வேலை செய்யும் நோயெதிர்ப்புச் செல்களும் அப்படியே ஒளிரும். திசு எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

ஸ்கேன் காட்டுவது சர்க்கரை உள்ளே போனதை மட்டும்தான். போனபின் என்ன ஆனது என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் டல்லஸில் டிபெரார்டினிஸ் குழு, நுரையீரல் கட்டி அறுவைக்கு வந்தவர்களுக்குக் கார்பன்-13 கொண்ட குளுக்கோஸை ஏற்றி, வெட்டியெடுத்த கட்டியில் அந்தக் கார்பனைத் தேடியது. 2016-இல் வந்த முடிவு: கட்டி நொதிக்கவும் செய்கிறது, மைட்டோகாண்டிரியாவில் எரிக்கவும் செய்கிறது. மறுவருடம் இன்னொன்று: ரத்தத்தில் வரும் லாக்டேட்டையும் எடுத்து எரிக்கிறது.

இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது இங்கேதான் இடறுகிறது. காபியில் சர்க்கரை போடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டே இருக்கும்.