கத்தரிப் பிஞ்சும் பத்திய மரபும்: சொல்வழக்கும் வேதியியல் சான்றும்

முன்னுரை

கத்தரி தமிழர் உணவில் நெடுங்காலமாக வழங்கிவரும் காய்கறியாகும். வழுதுணை, வழுதலை என்பன அதன் பழம்பெயர்கள். வரகுச் சோற்றோடு வழுதுணங்காயை உண்டமையை ஔவையார் தனிப்பாடல் காட்டுகின்றது. சவ்வாது மலையடிவாரத்தில் திருவண்ணாமலை மாவட்டக் கண்ணமங்கலமும், வேலூர் மாவட்ட அணைக்கட்டு வட்டாரமும் அமைந்துள்ளன. அணைக்கட்டு வட்டார இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இவ்வாறு புகழ்பெற்ற காயே நாட்டு வழக்கில் 'கரப்பான் பண்டம்' என விலக்கவும் படுகின்றது. இம்முரணின் பொருளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்திய மரபில் கத்தரி

தோல் நோயும் அரிப்பும் உடையோர் கத்தரிக்காயைத் தவிர்க்க வேண்டும் என்பது சித்த மருத்துவ வழக்கு. அதே மரபு அவரைப் பிஞ்சு, முருங்கைப் பிஞ்சு ஆகியவற்றோடு கத்தரிப் பிஞ்சையும் பத்திய உணவாக ஏற்கின்றது. எனவே, விலக்கு செடிக்கு உரியதன்று. காயின் பருவத்திற்கு உரியது என்பது புலனாகும்.

பருவத்தைப் பிரித்தறியும் இந்நுட்பம் தமிழ்ச் சொல்வளத்திலும் பதிந்துள்ளது. மாம்பிஞ்சு வடு எனவும், பலாப்பிஞ்சு மூசு எனவும், வாழைப்பிஞ்சு கச்சல் எனவும், தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை எனவும் வழங்கும். தொல்காப்பிய மரபியலும் காய், பழம் என்பவற்றைத் தனித்தனிக் கிளவிகளாகச் சுட்டுகின்றது. பருவந்தோறும் பயன் வேறுபட்டமையால் பெயரும் வேறுபட்டது எனக் கருத இடமுண்டு.

ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பண்பு

உடலின் வளர்சிதை மாற்றத்தில் தோன்றும் தனியுறுப்புகள் அளவில் மிகும்போது உயிரணுக்களைச் சிதைக்கின்றன. அவற்றைத் தணிக்கும் பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். கத்தரிக்காயில் இத்தகைய பொருள்களுள் இரண்டு முதன்மையானவை. சதைப்பகுதியிலுள்ள ஃபீனாலியப் பொருள்களுள் பெரும்பங்கு குளோரோஜெனிக் அமிலமாகும். ஊதாநிறத் தோலில் காணப்படும் நாசுனின் என்னும் ஆந்தோசயனின், இரும்பு அயனிகளைப் பிணைத்துத் தனியுறுப்புகள் உருவாவதைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. தோலை நீக்கிச் சமைப்பின் நாசுனின் இழக்கப்படும்.

அரிந்த கத்தரிக்காய் கறுப்பதும் ஃபீனாலியப் பொருள்களால் நிகழ்வதே. அரியும்போது சிதையும் திசுக்களில் நொதியும் ஃபீனாலியப் பொருள்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிறமிகளைத் தோற்றுவிக்கின்றன. அரிந்த துண்டுகளை உடனே தண்ணீரில் இடும் வழக்கம் காற்றுத் தொடர்பைக் குறைத்து இம்மாற்றத்தைத் தாமதப்படுத்துகின்றது.

பருவமும் வேதிப்பொருளும்

காய் முற்றிப் பழுக்கும் நிலையில் குளோரோஜெனிக் அமிலத்தின் அளவு குறைகின்றது. சோலசோனின், சோலமார்ஜின் என்னும் கசப்புத்தன்மை கொண்ட கிளைக்கோ ஆல்கலாய்டுகள் மிகுகின்றன. ஊதாத் தோலும் நிறம் மாறி மஞ்சளாகின்றது, விதைகள் கடினமாகின்றன. பிஞ்சை ஏற்று முற்றலை விலக்கும் பத்திய மரபும் இச்சான்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

எனினும், இவ்வொற்றுமையை முழு நிறுவலாகக் கொள்ளுதல் பொருந்தாது. சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்ற அடிப்படையில் உணவை மதிப்பிடுகின்றது. வேதியியல் மூலக்கூறுகளை அளக்கின்றது. கத்தரிக்காயால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாவதும் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அத்தகையோருக்குப் பிஞ்சும் பாதுகாப்பானது எனக் கூற இயலாது. ஆய்வகக் குழாயில் காணப்படும் தடுப்பாற்றல் மனித உடலிலும் அதே அளவில் நிகழும் என்பதும் உறுதியன்று. ஆகவே கத்தரி நல்ல உணவாகலாம். நோய் தீர்க்கும் மருந்துக்கு மாற்றாகாது.

முடிவுரை

கத்தரி குறித்த மரபு விலக்கும் அறிவியல் பாராட்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும், 'பிஞ்சு' என்னும் சொல் அவற்றை இணைக்கின்றது. காயின் பருவத்தைக் குறிக்காமல் 'கத்தரிக்காய்' எனப் பொதுவாகப் பதிவுசெய்யும் ஆய்வில் மரபறிவின் இன்றியமையாத கூறு விடுபடுகின்றது. இலவம்பாடி முள்ளுக் கத்தரி போன்ற வட்டார வகைகளை ஆராய்வோர் பிஞ்சு, காய், முற்றல் எனப் பருவம் பிரித்து அளவிடுதல் வேண்டும். உழவரும் இல்லத்தரசியரும் வழங்கும் பருவப் பெயர்களை வட்டாரந்தோறும் தொகுத்தால் அவ்வாய்வுக்குத் தமிழ்த்துறை துணைநிற்க இயலும். வழக்கிலிருந்து அப்பெயர்கள் மறையுமாயின், அவை சுமந்த மருத்துவ அறிவும் உடன்மறையும்.