பூனைக்கும் நீரிழிவு: பதற்றம் வேண்டாம், பொறுப்பைப் பகிருங்கள்

வீட்டில் தாத்தாவுக்கு நீரிழிவு, பெரியம்மாவுக்கு நீரிழிவு என்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஆனால், "உங்கள் பூனைக்கு நீரிழிவு. தினமும் காலையும் மாலையும் இன்சுலின் போடவேண்டும்," என்று விலங்கு மருத்துவர் சொன்னால் பலரும் திகைத்துப்போகிறார்கள். ஊசியை யார் போடுவது, வேலைக்கு எப்படிப் போவது, பயணம் போனால் என்ன செய்வது, எவ்வளவு செலவாகும் என்று கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். "ஒரு பூனைக்குப் போய் இவ்வளவு பாடா?" என்று கேட்கும் உறவினரும் இருப்பார்.

பூனைக்கு வரும் நீரிழிவு கவனத்துடன் கையாளக்கூடிய நோய். முறையான சிகிச்சையுடன் பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. ஊசி போடுவதைப் பெரும்பாலானோர் சில நாள்களில் பழகிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், குழப்பமில்லாமல் செய்வதுதான் கடினம். அதனால் இது ஒருவர் தனியாகச் சுமக்கவேண்டிய வேலையல்ல.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள்

பெரும்பாலும் முதல் அறிகுறி தண்ணீர்க் கிண்ணத்திலும் மணல் தட்டிலும்தான் தெரியும். பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். மணலில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும். நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும். சில பூனைகள் பின்னங்கால்களின் நரம்பு பாதிக்கப்பட்டு, குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும்.

நடுத்தர வயதைக் கடந்த பூனைகள், உடல் பருத்தவை, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள் ஆகியவற்றுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து எடுத்த பூனைகளுக்கும் வரலாம். அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே உண்டு உறங்கும் பூனை எளிதில் எடை கூடிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மருந்தகத்துக்குக் கொண்டுபோகும் பயத்திலேயே பூனையின் ரத்தச் சர்க்கரை ஏறக்கூடும். அதனால் ஒருமுறை எடுத்த அளவை மட்டும் மருத்துவர்கள் நம்புவதில்லை. சிறுநீர்ச் சோதனையும், முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் 'ஃப்ரக்டோசமின்' ரத்தச் சோதனையும் செய்து நோயை உறுதிசெய்வார்கள்.

ஊசிக்கு அஞ்ச வேண்டாம்

இன்சுலின் ஊசி மிக மெல்லியது. மருத்துவர் காட்டும் இடத்தில் தளர்வான தோலை மெதுவாகத் தூக்கிப் பிடித்து அதனடியில் செலுத்தவேண்டும். பூனை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போட்டால் பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மருத்துவர் முன்னிலையில் உப்புநீரைக் கொண்டு இரண்டு மூன்று முறை பயிற்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஊசி போடப்போகும் அனைவரும் அந்தப் பயிற்சிக்குப் போவது நல்லது.

பொதுவாக 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இருமுறை ஊசி போடப்படும். காலை 7 மணி, இரவு 7 மணி என்று வைத்துக்கொண்டால் வேலைக்குச் செல்வோருக்கும் ஒத்துவரும். இரவு வேலை நேரம் தாமதமானால் எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெட்டியில் இரண்டு இன்சுலின்

நம் வீடுகளில் தனிக் கவனம் தேவைப்படும் விஷயம் ஒன்று உண்டு. தாத்தாவின் இன்சுலினும் பூனையின் இன்சுலினும் ஒரே குளிர்பதனப் பெட்டியில் இருக்கக்கூடும். மனிதர்களுக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டது. விலங்குகளுக்கென்றே தயாரிக்கப்படும் சில வகைகளில் 40 அலகுதான் இருக்கும். இரண்டுக்கும் ஊசிக்குழல்கள் வேறு. 40 அலகுக்கான குழலில் 100 அலகு இன்சுலினை எடுத்தால், 2 அலகு என்று நினைத்துப் போடுவது உண்மையில் 5 அலகாகிவிடும். சிறிய உடலுக்கு அது உயிராபத்து.

எனவே பூனையின் மருந்தையும் ஊசிகளையும் தனிப் பெட்டியில் வைத்து, பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்சுலினை உறைநிலைப் பகுதியில் வைக்கக்கூடாது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான, மூடியுள்ள கலனில் சேர்த்து, எப்படி அகற்றுவது என்று மருந்தகத்தில் கேளுங்கள். தாத்தாவின் மாத்திரையையோ இன்சுலினையோ நாமாகவே பூனைக்குக் கொடுப்பது கூடவே கூடாது.

சாப்பாடும் மருந்துதான்

பூனை இறைச்சி உண்ணும் விலங்கு. புரதம் அதிகமாகவும் மாவுச்சத்து குறைவாகவும் உள்ள ஈர உணவை மருத்துவர்கள் பலர் பரிந்துரைக்கிறார்கள். உணவு மாறினால் இன்சுலின் தேவையும் குறையலாம் என்பதால் மருத்துவரைக் கேட்டே மாற்றவேண்டும். பருத்த பூனையின் எடையையும் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும். திடீரெனப் பட்டினி போட்டால் கல்லீரல் பாதிக்கப்படும். பாட்டி பாசத்தோடு போடும் பிஸ்கட் துண்டுக்கும் விடைகொடுக்கவேண்டியதுதான்.

ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கி, உணவையும் எடையையும் கட்டுக்குள் வைத்தால், சில பூனைகளுக்குக் காலப்போக்கில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. நோய் திரும்பவும் வரலாம் என்பதால் கண்காணிப்பை நிறுத்தக்கூடாது.

சர்க்கரை இறங்கினால்

பூனை தள்ளாடினால், சோர்ந்து விழுந்தால், வலிப்பு வந்தால் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம். விழிப்புடன் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். சாப்பிட முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் பாகையோ ஈறில் தடவி, மருத்துவரிடம் விரையுங்கள். வலிப்பின்போது வாய்க்குள் எதையும் ஊற்றக்கூடாது, விரலையும் விடக்கூடாது. இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருந்தகத்தின் எண் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும்.

பூனை சாப்பிடவில்லை என்றால் ஊசி போடுமுன் மருத்துவரை அழையுங்கள். சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு கிடந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவேளை ஊசி தவறிவிட்டால், அடுத்தவேளை இரட்டிப்பாகப் போடக்கூடாது.

'நீ போட்டாயா, நான் போடவா?'

அப்பா ஊசி போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பார். அது தெரியாமல் மகள் மீண்டும் போட்டுவிடுவார். இப்படி ஒரே வேளையில் இருமுறை ஊசி விழுவது ஆபத்தானது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டுங்கள். தேதி, நேரம், அளவு, போட்டவர் பெயர், பூனை சாப்பிட்டதா என்று குறித்த பிறகே அடுத்த வேலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வரி போட்டுவிடலாம். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், மறுபடி போடாமல் விடுவதே பாதுகாப்பு.

தீபாவளி, திருமணம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் வரத்தான் செய்யும். அண்டை வீட்டாரோ நண்பரோ ஒருவருக்காவது இப்போதே பழக்கிவையுங்கள். வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம். ஒளித்து வளர்த்த காலம் போய்விட்டதால், பக்கத்து வீட்டாரிடம் தயங்காமல் உதவி கேட்கலாம்.

செலவைப் பற்றியும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். இன்சுலின், ஊசி, உணவு, சோதனைகள் என்று மாதம் எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்பதில் வெட்கமில்லை. வீட்டிலேயே காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிக்கக் கற்றுக்கொண்டால் மருந்தகம் செல்லும் முறைகள் குறையலாம். வேறு நோய்களும் சேர்ந்து, பூனைக்கு வேதனை மட்டுமே மிஞ்சும் நிலை வந்தால், அமைதியாக விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. அந்த முடிவை எடுத்தவரைக் குறைசொல்ல வேண்டாம்.

இன்றுதான் நோய் உறுதியானது என்றால், எல்லாவற்றையும் இன்றே கற்றுக்கொள்ளத் தேவையில்லை. சரியான அளவைக் கண்டறிய மருத்துவருக்கே சில வாரங்கள் ஆகலாம். இந்த வாரத்துக்கு மூன்று வேலை போதும்: ஊசி போடப் பழகுங்கள், அட்டவணையை ஒட்டுங்கள், உங்களோடு பொறுப்பேற்க வீட்டில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.